இளநீர் ஞானஸ்நானம்

பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏழு பேர் நின்றார்கள். பின்னால் வந்தவர்களை எல்லாம் "நீங்க முன்னால போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்று நானேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பாம்பன் மாதா கோவிலில் தவக்காலத்துத் தியானம் நடந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து ஒரு வாரம் தங்கிப் பிரசங்கம் செய்வார். மீதி நேரமெல்லாம் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் உட்கார்ந்து எங்கள் பாவங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்குவார். ஊர்ச் சாமியாரிடம் சொல்லக் கூச்சப்படுகிற பாவங்கள் வருடம் முழுக்கக் காத்திருந்து அந்த வாரத்தில்தான் வெளியே வரும். அதனால் வரிசை எப்போதும் நீளம்.

காலை பத்து மணி இருக்கும். கதவு வழியே கருவாட்டு வாசனை வந்தது. உள்ளே மெழுகுவத்தி வாசனை. முக்காட்டு நுனியைக் கடித்துக் கடித்து ஈரமாக்கி வைத்திருந்தேன்.

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதிய பாலத்து ரயில் கூத்தைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் இளமை முழுக்கச் சிரிப்புதானா?" என்று எழுதியிருந்தார். இல்லை தாயே. பதினாறு வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை நான் சிரித்த சிரிப்பெல்லாம் உதட்டோடு நின்ற சிரிப்பு. அந்தக் கதைதான் இந்த வாரம்.

பரிசு வாங்கியவள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு. உபதேசியார் ஒரு கையில் புத்தகமும் இன்னொரு கையில் பூவரசங்குச்சியுமாக வருவார். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள் நான்.

சாகக் கிடக்கிற குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொன்னால் போதும். என்ன தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர், ஊற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், கடல் தண்ணீர். எதெல்லாம் செல்லாது? பால், பன்னீர், கஞ்சித் தண்ணீர், இளநீர்.

இதை மூச்சு விடாமல் ஒப்பித்ததற்காக எனக்கு முதல் பரிசாக ஒரு மாதா படம் கிடைத்தது. அதை வீட்டு வாசற்படிக்கு மேலே ஒட்டி, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் காட்டினேன். தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

அந்த மத்தியானம்

எங்கள் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் அய்யா, அண்ணன் அந்தோணி, அண்ணன் கட்டிவந்த ஞானப்பூ மதினி, நான். மதினிக்குக் கடலாடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்; அங்கே பிரசவம் பார்க்க ஆளில்லாததால் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், அவளுக்குத் தலைப்பிரசவம். வலி கண்ட அன்று அய்யாவும் அண்ணனும் கடலில் இருந்தார்கள்.

மரைக்காயர் வீடுகளிருந்த தெருவிலிருந்து கதீஜாம்மா வந்தார். பாம்பனில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துவிட்ட மருத்துவச்சி அவர்.

கோடைக்காலம். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் மணலில் குழி தோண்டி, ஊறுகிற வரை உட்கார்ந்திருந்து, சிரட்டையால் மொண்டு எடுக்கிற தண்ணீர். விடியற்காலையில் நான் கொண்டுவந்த இரண்டு குடமும் வெந்நீருக்கும் துணி அலசவும் தீர்ந்துபோனது. மதினிக்கு நா வறண்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு இளநீர் வெட்டி ஒரு செம்பில் ஊற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துபோனது.

ஆண் குழந்தை. அழவில்லை. கதீஜாம்மா தட்டினார், ஊதினார், தலைகீழாகப் பிடித்தார். ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான். என் பக்கம் திரும்பினார்.

"தாயி, இது தங்காது. உங்க வேதத்துல தண்ணி ஊத்தி ஏதோ ஓதுவீகளே, அதைச் சட்டுன்னு செய்ங்க."

செம்பை எடுத்தேன். மூன்று தடவை ஊற்றினேன். சந்தியாகு என்று பெயரிட்டு, வார்த்தைகளை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். சரியான நேரத்துக்குச் சரியான ஆள் வீட்டில் இருக்கிறாள் என்ற பெருமை கூட எனக்குள் ஓடியது. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"ஊத்திட்டியா பிலோமி?" என்றாள் மதினி, எழுந்திருக்க மாட்டாமல். "நல்லா ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன் மதினி."

சொல்லும்போதே என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. முகர்ந்து பார்த்தேன். இளநீர்.

குழந்தைக்கு அப்போதும் மூச்சு இருந்தது. இருபது எட்டு வைத்தால் கடல். ஒரு கை அள்ளிவந்து ஊற்றியிருக்கலாம். தீவு முழுக்கச் சுற்றி நிற்கிற தண்ணீர், செல்லும் என்று நானே ஒப்பித்த தண்ணீர்.

நான் போகவில்லை. மதினியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்திருந்தது. பரிசு வாங்கிய நான், தப்பாகச் செய்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை செல்லுமோ, பாதியாவது செல்லுமோ என்று பாடத்தை மனதுக்குள் புரட்டிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். கதீஜாம்மா குழந்தையின் கண்ணை மூடிவிட்டு, "அல்லா கூப்பிட்டுக்கிட்டான்" என்றார்.

சாயங்காலம் ஊர்ச் சாமியார் வந்தார். "தண்ணீர்தானே ஊற்றினாய்?" என்று கேட்டார். கேட்பது அவர் கடமை.

"ஆமா சாமி" என்றேன். மூலையில் கிடந்த, குழந்தையின் தலையைத் துடைத்த துணியில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்கு முன் அதை எடுத்து ஒளித்து வைத்தேன்.

எங்கள் வீட்டுச் சம்மனசு

ஞானஸ்நானம் வாங்கி இறந்த குழந்தையை நாங்கள் சம்மனசு என்போம். தேவதூதன். அதன் அடக்கத்துக்குக் கறுப்பு கிடையாது. சாமியார் வெள்ளை உடுப்பில் வருவார். கோவில் மணி துக்க மணியாக அடிக்காது, திருநாள் மணி போல அடிக்கும். நேரே மோட்சம் போன குழந்தைக்காக யாரும் வேண்டிக்கொள்வதில்லை. அதனிடம்தான் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள்.

ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தால் கதை வேறு. மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, வேலிக்கு வெளியேதான் குழி. மோட்சமும் இல்லை நரகமும் இல்லை, வெளிச்சமில்லாத ஓரிடத்தில் அந்தக் குழந்தைகள் இருக்கும் என்றுதான் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

எங்கள் சந்தியாகு வேலிக்கு உள்ளே கிடந்தான், என் பொய்யால். தினமும் விளக்கு வைத்ததும் வீட்டில் ஜெபம். ஜெபமாலை முடிந்ததும் மதினி சொல்வாள்: "எங்க சம்மனசு சந்தியாகே." நாங்கள் எல்லாரும் சேர்ந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்ல வேண்டும். அவள் அதைச் சொல்லும் தொனி, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற தொனி. நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அவனை இருட்டில் தள்ளியவள் நான். அவனிடமே எனக்காக வேண்டிக்கொள் என்று எந்த வாயால் கேட்பது?

இடையில் ஒரு வருடம் அண்ணன் சூறைக்காற்றில் சிக்கிக்கொண்டான். பாய் கிழிந்து, மரம் முறிந்து, தனுஷ்கோடிப் பக்கம் ஒதுங்கி, மூன்றாம் நாள் வீடு வந்தான். "நடுக்கடல்ல எம்பிள்ளையைக் கூப்பிட்டேன், வந்து கரை சேத்தான்" என்று ஊரெல்லாம் சொன்னான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அலை ஒரு பனை உயரம் கூடிக்கொண்டே போகும். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் கொல்லைப்புறம் போய் நிற்பேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். இந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்வேன். அப்படி மறைப்பதே ஆன்மாவைக் கொல்கிற சாவான பாவம். அந்தப் பாவத்தோடு போய், ஊர் பார்க்கிறதே என்று பூசையில் நன்மை என்கிற திவ்ய அப்பத்தையும் வாங்குவேன். அது இன்னொரு சாவான பாவம். உண்மையைச் சொன்னால் பிள்ளையைத் தோண்டி வேலிக்கு வெளியே போட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பயம்.

கல்யாணத்துக்கு முன்னால் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்பதற்காகவே இரண்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்தேன். ஒருவருக்கு மூக்கு சரியில்லை என்றேன். பாவம், நல்ல மூக்குதான்.

தொட்டிக்குள்

கடைசியில் எனக்குப் பின்னால் ஆளே இல்லாமல் போனதால் என் முறை வந்தது.

மண்டியிட்டேன். தட்டிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. மூக்குப்பொடி வாசனை மட்டும் வந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சாமி, இளநீ" என்றேன்.

"என்னம்மா?"

அதன்பிறகு நிற்கவில்லை. எறும்பு வரை சொல்லி முடித்தேன். முடித்த கையோடு கேட்டேன்.

"பிள்ளையைத் தோண்டி எடுத்துருவீகளா சாமி?"

"யாரும் தோண்ட மாட்டாங்க. இங்க சொன்னது இந்தத் தட்டியைத் தாண்டிப் போகாது."

"அவன் இப்ப எங்கன இருப்பான்?"

"எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய். ஆனா, பாம்பன்ல தண்ணிக் கஷ்டம்னு ஆண்டவருக்குத் தெரியாதா? அவரை நம்பி ஒரு பொண்ணு கைக்குக் கிடைச்சதை எடுத்து ஊத்தியிருக்கா. அதைத் தட்டிவிடற ஆளா அவர்?"

"மூச்சு இருக்கையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சாமி. பேசாம நின்னுட்டேன்."

"ஆமா. அது வேற. அதுதான் உன் பாவம். அதோட பொய்யும்." குரல் கடுமையாகவும் இல்லை, குழைவாகவும் இல்லை. "குழந்தையை நீ சுமக்காதே, அது அவர் பார்த்துக்கற காரியம். உன் பாவத்தை மட்டும் இங்க வை."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்திலும் வாய் சும்மா இருந்ததா? "அப்ப எங்கண்ணன் கடல்ல கூப்பிட்டப்ப வந்தது யாரு சாமி?" என்று அந்தக் கதையையும் சொன்னேன்.

தட்டிக்குப் பின்னால் அவர் சிரித்ததுபோல் இருந்தது. "யார் வந்தாங்களோ. வந்தவங்க தண்ணியா இளநியான்னு கேட்டுட்டு வரலை."

பிறகு அபராதம் கொடுத்தார். பாவத்துக்குப் பரிகாரமாகச் சொல்ல வேண்டிய ஜெபம். மூன்று அருள்நிறை மந்திரம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூசைக்குப் பிந்தி வந்தவளுக்கும் மூன்று, எனக்கும் மூன்றா?

"பத்தாது சாமி. பெருசா ஏதாவது கொடுங்க. வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன்."

"நடந்தா கால் வலிக்கும், அவ்வளவுதான். உனக்காகப் படவேண்டிய பாட்டைச் சிலுவையில ஒருத்தர் பட்டு முடிச்சாச்சு. நீ கூடச் சேர்த்துப் பட ஒண்ணும் மிச்சமில்லை. அதை நம்பறதுதான் உனக்குக் கஷ்டமா இருக்கு. அதை நம்பு."

"மதினிகிட்ட சொல்லணுமா?"

"சொன்னாத்தான் மன்னிப்புன்னு இல்லை. மன்னிப்பு இப்பவே வந்துடும். பயத்துல போய்ச் சொல்லாதே. பயம் போனப்புறம் சொல்லணும்னு தோணினா சொல்லு."

லத்தீனில் மன்னிப்பு மந்திரம் சொன்னார். ஒரு சொல் புரியவில்லை. எழுந்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது. பீடத்துக்கு முன்னால் போய் மூன்று மந்திரத்தையும் சொல்லி முடித்தேன். அப்புறமும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கடவுள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு எனக்குச் சுகமாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் பசித்தது பாருங்கள், அப்படி ஒரு பசி. பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் மூன்று தட்டு தின்றேன். "என்னடி, பேய் பிடிச்சவ கணக்கா திங்கிற?" என்றாள் மதினி. நான் சிரித்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

நெத்திலி காய்ந்த மணலில்

மறுநாள் காலையில் கள்ளமில்லாமல் நன்மை வாங்கினேன். அதற்கு அடுத்த நாள், நாங்கள் இரண்டு பேரும் கடற்கரையில் நெத்திலி புரட்டிக்கொண்டிருந்தபோது மதினியிடம் சொன்னேன். பயம் போய்விட்டிருந்தது. அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது மட்டும் தாங்கவில்லை.

அவள் கை நின்றது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஊத்தின உடனே."

"அப்ப உசிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு மதினி."

எழுந்து கையிலிருந்த மணலைத் தட்டினாள். "ஊத்தினது தப்பாப் போனது கிடக்கட்டும். ஏழு வருசமா நான் அவனைக் கூப்பிடுறதைப் பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே பிலோமி." கூடையை அங்கேயே போட்டுவிட்டு நடந்து போனாள். காக்கை விரட்டிக்கொண்டு சாயங்காலம் வரை நான் தனியாக இருந்தேன்.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மாலை ஜெபத்தில் அந்த இடம் வந்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பொம்பளைகள் சண்டை என்று நினைத்துக்கொண்டு அண்ணன் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

நான் அழுதேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பழைய பாரம் திரும்பி வரவில்லை. அவளுக்கு வலி கொடுத்துவிட்டோமே என்ற துக்கம் இருந்தது, ஒளிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அவள் கோபப்படட்டும், எத்தனை வருடமானாலும் அந்தக் கோபத்துக்கு எதிரில் நான் நின்றுகொள்வேன் என்று தோன்றியது. அந்தத் தைரியம் என்னுடையது இல்லை, எனக்குக் கொடுக்கப்பட்டது.

வண்டி வருவதற்குள்

தியானம் முடிந்த மறுநாள் காலை. அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது. நான்கு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

"அந்தச் சாமி போயிட்டாரா?"

"காலை வண்டிக்குப் போறாராம்."

கையைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள். நான்கு எட்டு போய்த் திரும்பினாள். "நீ வரலையா?"

பாம்பன் ஸ்டேஷனில் சாமியார் தன் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். அம்மைத் தழும்புள்ள, தூக்கம் போதாத முகம். மதினி அவரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அவர் கைகாட்டி மரத்தைப் பார்த்தார். இன்னும் இறங்கவில்லை. பையிலிருந்து, பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது அணிகிற ஊதாப் பட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தின் கடைசிக்கு நடந்தார். மதினி பின்னால் போனாள். எனக்குப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். தூரத்தில் வண்டி ஊதியது. சாமியார் கையைத் தூக்கிச் சிலுவை போட்டபோது இன்ஜின் பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டது. ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். யாரென்று தெரிந்ததோ, தெரியவில்லையோ.

வண்டி பாலத்தில் ஏறுகிற சத்தம் ஓயும்வரை நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கும் ஒண்ணு இருந்துச்சு" என்றாள் மதினி. "கூடை தூக்காதேன்னு கதீஜாம்மா தலபாடா அடிச்சுக்கிச்சு. ஒம்பதாம் மாசத்துல வீம்புக்குத் தூக்குனேன். எம்பிள்ளையை நானே கொன்னுட்டேன்னு இத்தனை வருசமா உள்ளுக்குள்ள வச்சிருந்தேன். உங்க அண்ணன்கிட்ட கூடச் சொல்லல. நீ வந்து சொன்னப்ப, உன்மேல வந்த கோவத்துல பாதி அதுதான். இவளுக்கு எப்படி வாய் வந்துச்சு, எனக்கு வரலையேன்னு."

நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை.

"மன்னிச்சுட்டேன் பிலோமி. எனக்குக் கிடைச்சதை வச்சுக்கிட்டு உனக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றாள். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீ ஊத்தினப்ப அவன் வாயில ஒரு சொட்டாவது பட்டுச்சா?"

அந்த மத்தியானத்தை ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் என் கையைத்தான் பார்த்தேன், ஒட்டுகிற என் விரலைத்தான் பார்த்தேன். அன்று பெஞ்சில் உட்கார்ந்துதான் முதன்முதலாக அவன் முகத்தைப் பார்த்தேன்.

"பட்டுச்சு மதினி. நெத்தியிலருந்து வழிஞ்சு உதட்டுல நின்னுச்சு. நாக்கை நீட்டிச் சப்புனான். ரெண்டு தடவை."

மதினி முகத்தைச் சேலைத் தலைப்பில் புதைத்துக்கொண்டாள். ஒரு வாய்ப் பால்கூடக் கொடுக்க முடியாமல் அனுப்பிய பிள்ளை அவன். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

"அப்ப இனிச்சிருக்கும்ல அவனுக்கு?"

"இனிச்சிருக்கும் மதினி" என்றேன்.